பேச்சியம்மாளின் வலது கை

போன திங்கட்கிழமை காலை நம் வார்டு அலமாரியிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். எல்லாம் மங்கலாக இருந்தது. கட்டில், ஜன்னல், சலைன் ஸ்டாண்ட், எதற்கும் ஓரம் என்பதே இல்லை. லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன். என் கண்ணைக்கூடக் கசக்கிப் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது. கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும் என்று நீ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சக்கரத்தை உன் கண்ணின் பவருக்குத் திருப்பிவைத்துக்கொள்வாய். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அது இன்னும் உன் கண்ணுக்காகவே நின்றுகொண்டிருந்தது.

நீ சொல்லிவிட்டுப் போனபடி மாதம் ஒரு தடவை பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் போனிலேயே எடுத்து மதுரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று வந்தவருக்கு முழங்காலிலிருந்து பாதம் வரை தீக்காயம். போனில் வந்த படத்தைப் பார்த்த மதுரை டாக்டர், "நிறம் சரியாத் தெரியலை. அந்த சிஸ்டர் எடுப்பாங்களே, அந்தக் கேமராவுல, அது மாதிரி எடுத்து அனுப்புங்க" என்றார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நானும் சொல்லவில்லை. சக்கரத்தை விரல் நுனியால் ஏழெட்டுச் சொடுக்கு திருப்பினேன். ஓரங்கள் வந்தன. உன் கண்ணை அழித்துவிட்டு என் கண்ணை வைத்தது போலிருந்தது. அழுவதற்கு நேரமில்லை, படம் எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் நீ தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்த பழைய படங்களைத் திறந்தேன். கேமரா தன் படங்களுக்குத் தானாகவே எண் போட்டுக்கொண்டு போகிறது. நானூற்றுப் பன்னிரண்டாம் படம் ஒருவரின் முதுகு. அதற்கு அடுத்தது பேச்சியம்மாளின் வலது கை. அதன் எண் நானூற்று முப்பத்தொன்று. நடுவில் பதினெட்டு எண்களைக் காணவில்லை. அவற்றை அழித்தது நீ. அந்தப் பதினெட்டிலும் இருந்தது என் முகம். உனக்கும் எனக்கும் தெரிந்த இந்த விஷயத்தை நாம் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியவள் நான். உன்னிடமும் சொல்லவில்லை, பேச்சியம்மாளிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்தக் கேமரா நம் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? சிவகாசியில் அச்சாபீஸ் நடத்தும் ஒரு குடும்பம் கொடுத்தது. அவர்கள் வீட்டுப் பையன் பறவைகளைப் படம் எடுக்கிறேன் என்று வாங்கி, பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டான். பட்டாசு ஆலைகளிலிருந்து தீக்காயத்தோடு வருகிறவர்களில் யாரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம், யாரை உடனே மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்ய, நம் டாக்டர் காயத்தைப் படம் எடுத்து மதுரை டாக்டருக்கு அனுப்பி யோசனை கேட்பார். அதுவரை யாராவது ஒருவருடைய போனில் எடுத்தோம். கேமரா வந்ததும், "நீங்கதான் பத்திரமா வச்சுப்பீங்க" என்று அலமாரிச் சாவியை உன் கையில் கொடுத்தார். எனக்கு அன்று கொஞ்சம் பொறாமைகூட.

ஆரம்பத்தில் நமக்கு அதில் ஒன்றும் தெரியாது. மேலே இருந்த டயலில் ஒரு பச்சைக் கட்டம், ஒரு பெண்ணின் தலை, ஒரு மலை, ஒரு பூ, ஓடுகிற மனிதன் ஒருவன். நீ அவற்றுக்கெல்லாம் அந்தப் பெயர்களையே வைத்தாய். "பச்சையில வையி, அதுபாட்டுக்கு எடுக்கும்" என்பாய். எது நடந்தாலும் பச்சைக் கட்டம்தான். ஷட்டரை அமுக்குவதற்கு முன் ஏதாவது யோசிக்க வேண்டும் என்பது நம் இருவருக்கும் தோன்றியதே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். மல்லாங்கிணற்றிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்ததைப் பார்த்துவிட்டு என் அம்மா, "என்ன இம்புட்டுக் கருப்பா விழுந்திருக்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருப்பதுதானே விழும்? ஆனால் அப்போது அப்படிப் பதில் சொல்லத் தெரியவில்லை. டயலில் பெண் தலை போட்ட அந்த மோடில் எடுத்தால் தோல் வழவழப்பாகவும் சிவப்பாகவும் விழும் என்று ஓர் உறவுக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அந்த வியாழக்கிழமை காலை நீ டாக்டரோடு ரவுண்ட்ஸ் போயிருந்தபோது, உன் மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்தேன். கேட்டிருந்தால் நீயே வந்து எடுத்துத் தந்திருப்பாய். கேட்க வெட்கம்.

மாடியில், துவைத்த பெட்ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்த கொடிக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியின் மேல் கேமராவை வைத்தேன். டயலைப் பெண் தலைக்குத் திருப்பினேன். பத்து விநாடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்ததே, அதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நின்றேன். பதினெட்டுத் தடவை ஓடினேன். கடைசிப் படத்தைத் திரையில் பார்த்தபோது நானா என்று இருந்தது. அவ்வளவு அழகு. சந்தோஷத்தில் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், சாவியை டிராயரில் போட்டேன். டயலைப் பச்சைக்குத் திருப்பவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நான்கு பேர். மூன்று பேருக்கு மிக மோசம். எல்லோரும் அவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தோம். நான்காவது ஆள் பேச்சியம்மாள். ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவள், முப்பத்துநான்கு வயது. உடம்பெல்லாம் தப்பிவிட்டது, வலது கை மட்டும். சேலையில் கந்தக வாடை. முகமெல்லாம் வெள்ளியாக அலுமினியப் பொடி. "எனக்கு வலிக்கல சிஸ்டர், அவுகளப் பாருங்க" என்று மற்றவர்களைக் காட்டினாள். வலிக்கவில்லை என்றால் ஆழமான காயம் என்று நம் இருவருக்கும் படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்தக் கூச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை.

நீ அவசரமாகக் கேமராவை எடுத்துவந்து நான்கைந்து படம் எடுத்தாய். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "நெசத்துல இத விட வெளுப்பா இருக்கே புள்ள." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டியூப்லைட்டு வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்" என்றேன். அதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

படம் மதுரைக்குப் போனது. மெழுகாக வெளுத்திருந்த தோல் அதில் இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தது. "மேலோட்டமான காயம்தான், ரெண்டு நாள் கட்டுப் போட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது. நம் டாக்டருக்கு மற்ற மூன்று பேரையும் மதுரைக்கு அனுப்பி வைக்கவே நேரம் சரியாக இருந்தது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் விருதுநகர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, திருத்தங்கல் தாண்டியதும், டயல் எந்த இடத்தில் நின்றது என்பது எனக்கு நினைவு வந்துவிட்டது. உடனே என்ன நினைத்தேன் என்றால், ஐயோ, என் படங்கள் கேமராவிலேயே இருக்கின்றனவே, நாளைக்கு எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்களே என்று. பேச்சியம்மாளின் கையை நினைக்கவில்லை. அந்த மோடு காயத்தின் நிறத்தை மாற்றும் என்று எனக்குத் தெரியாது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் என்ன? தோலின் நிறத்தை மாற்றும் என்றுதானே நான் அதில் வைத்தேன்! மறுநாள் வந்து உன்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நாளாவது மிஞ்சியிருக்கும். அன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் வீங்கி இறுகிக் கறுத்துப்போய் இருந்தன. மதுரைக்கு அனுப்பினார்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே வந்திருந்தாலும் போயிருக்கலாம், ஒருவேளை தப்பியும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று மதுரை டாக்டர் சொன்னார். கூடவே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் படத்தை எந்த மோடுல எடுத்தீங்க?"

நம் டாக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டே உன்னைக் கூப்பிட்டார். நீ கேமராவை எடுத்துவந்தாய். டயலைப் பார்த்தாய். பிறகு திரையில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாய். உன் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. நான் உன்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரல் மறுபடி அசைந்தது, அசைந்துகொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து, "நான்தான் டாக்டர். டயலைக் கவனிக்கலை" என்றாய்.

உனக்கு மெமோ கொடுத்தார்கள். வார்டிலிருந்து எடுத்து வெளிநோயாளிப் பிரிவில் போட்டார்கள். கேமரா அலமாரிச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் உனக்கு வரவேண்டிய வார்டுப் பொறுப்பு எனக்கு வந்தது. என் மல்லாங்கிணற்றுச் சம்பந்தம் அமையவில்லை, படமே போகவில்லையே. பிறகு என்னை நேரில் வந்து பார்த்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு நீ வந்து, பந்தியில் நின்று பரிமாறினாய்.

உன்னிடம் கோபம் இருந்ததா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை, அதுவும் வேறு எதையோ பேசும்போது, "சாவி எங்கிட்ட இருந்துச்சுல்ல, அப்ப கேமராப் பொட்டி எம்பொறுப்பு" என்றாய். நானாக வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாயோ என்னவோ.

மெமோ வாங்கிய மறுமாதமே டாக்டரிடம் போய் நின்றாய். "அத நான் கெடுத்தேன், நானே ஒழுங்காப் படிச்சுக்கிடுறேன், திருப்பித் தாங்க" என்று கேட்டாய். அவர் யோசித்துவிட்டுத் தந்தார். அதன் பிறகு நீ படித்ததைப் போல நர்சிங் பரீட்சைக்குக்கூட யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்த கையேட்டைப் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதிவைத்தாய். புரியாத இடத்தில் என்னையும் இழுத்து உட்கார வைப்பாய். எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருக்கும். ஓடினால் சந்தேகம் வரும் என்று உட்கார்ந்திருப்பேன்.

முதலில் பச்சைக் கட்டத்தை விட்டாய். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் என்ற எழுத்துக்கு மாறினாய். கையைப் படம் எடுத்தால் விரல் முட்டி தெளிவாக விழுந்து விரல் நுனி கலங்கிப்போகும். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் முட்டியிலிருந்து நகம் வரை தெளிவாக வரும் என்று கண்டுபிடித்த அன்று, என் கையையே மேஜையில் வைத்து முப்பது படம் எடுத்தாய். ஃபிளாஷ் போட்டால் ஈரக் காயம் பளபளத்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும் என்று அதை அமுக்கியே வைத்தாய். ஜன்னலோரமாகக் கட்டிலைத் தள்ளச் சொல்லுவாய். வார்டு ஆயா, "இந்த சிஸ்டருக்குக் கட்டில இழுக்கதே சோலி" என்று முனகுவாள்.

எல்லாம் வந்தது, நிறம் மட்டும் வரவில்லை. விருதுநகர் பஜாரிலிருந்து மிளகாய் வத்தல் வாங்கிவந்து, வெள்ளைக் காஸ் துணியில் பரப்பி, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று என்று எடுத்துப் பார்த்தாய். ஒரே வத்தல், மூன்று சிவப்பு. "இதுல எது நெசம்?" என்று கேட்டாய். எனக்கு எங்கே தெரியும்.

அதற்காகத்தான் அந்த அச்சாபீஸுக்குப் போனோம். பட்டாசுப் பெட்டி லேபிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறம் சரிபார்க்கிற அண்ணாச்சி ஒருவர், உன் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவே இல்லை. "டியூப்லைட்டுக்குக் கீழ கலர் பாக்கவே கூடாது சிஸ்டர். நம்ம கண்ணு தானா சரிபண்ணிக்கிடும், பொட்டி சரிபண்ணாது" என்றார். லேபிள் தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு, சாம்பல் என்று ஒரு பட்டை அச்சாகும். மை சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு. வேலை முடிந்ததும் அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். "இத எல்லாப் படத்துலயும் பக்கத்துல வச்சு எடுங்க. இதே பட்டைய மதுரை டாக்டருக்கும் ஒண்ணு அனுப்பிருங்க. அவரு கையில இருக்கதும் படத்துல இருக்கதும் ஒண்ணாத் தெரிஞ்சா, காயமும் நெசந்தான்" என்று ஒரு கட்டு நிறையக் கொடுத்தார்.

அதிலிருந்து நீ எடுத்த ஒவ்வொரு படத்திலும் காயத்துக்குப் பக்கத்தில், சுத்தமான பிளாஸ்டிக் உறைக்குள், பட்டாசு லேபிளிலிருந்து வெட்டிய அந்தப் பட்டை இருக்கிறது. முதலில் சாம்பல் கட்டத்தை மட்டும் எடுத்து, இதுதான் சாம்பல் என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டுத்தான் காயத்துக்கு வருவாய். அதற்கும் முன்னால் ஒரு வேலை வைத்திருந்தாய். "மொதல்ல கண்ணால பாரு புள்ள. பாத்தத நோட்டுல எழுது. அப்புறம் எடு" என்பாய். வெளுப்பு, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, அழுத்தினால் நிறம் திரும்புகிறது, திரும்பவில்லை. படமும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் படத்தை அனுப்ப மாட்டாய். எத்தனை கை, எத்தனை கால், எத்தனை முகம் அதனால் சரியான நேரத்தில் மதுரைக்குப் போயின என்று நான் கணக்கு வைக்கவில்லை. மதுரை டாக்டர் உன்னை இன்னும் கேட்கிறாரே, அது போதும்.

பேச்சியம்மாள் மட்டும் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் பார்த்தது உன்னை மட்டும்தான். கைப்பயிற்சிக்கு வரும்போதெல்லாம் நேராக உன் மேஜைக்கு வருவாள். கூட்டத்துக்கு நடுவில் மூன்று விரல் கையை உன் முகத்துக்கு நேராக நீட்டுவாள். "படம் பிடிக்கத் தெரியாதவ எதுக்குடி பிடிச்ச? எங்கையத் தின்னுட்டியேடி. நீ கட்டையில போக. ஒங்கையும் இப்படி வெளங்காமப் போக" என்பாள். நீ எழுந்து நிற்பாய். அவள் முடிக்கும் வரை நிற்பாய். பிறகு, "காப்பி குடிக்கீகளா?" என்று கேட்பாய். அவள் குடித்ததே இல்லை. நான் வார்டிலிருந்து அந்தக் குரலைக் கேட்டதும் மருந்து எடுக்கப் போவதாகச் சொல்லி ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவேன். அங்கே நின்று பஞ்சு உருண்டைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு மூன்று வருடம் இது நடந்தது. பிறகு அவள் வருவது குறைந்தது. வந்தபோதெல்லாம் வைதாள்.

உனக்கு மார்பில் புற்று என்று தெரிந்தபோது அது பரவிவிட்டிருந்தது. மற்றவர்களின் உடம்பை அவ்வளவு கூர்ந்து பார்த்த நீ உன்னுடையதைப் பார்க்கவில்லை. எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் உன் வீட்டுக் கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் வெயில். இப்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். "நான் ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குத்தான் தெரியும். நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீ தலையணைக்கு அடியிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "மாசம் ஒருக்கா சார்ஜ் போடு, மறந்துராத" என்றாய். அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன் அடக்கத்துக்கு ஊரே வந்தது. பேச்சியம்மாள் வரவில்லை.

திங்கட்கிழமை அந்த எண்களைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே ஆனைக்குட்டத்துக்குப் போனேன். அணைக்கரையைத் தாண்டிக் கடைசி வீடு. விரல் போன பிறகு ஆலையில் வேலை இல்லை, நான்கு ஆடு வைத்திருக்கிறாள். கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு நின்றவள் என்னைப் பார்த்ததும், "என்ன சிஸ்டர், வழி தப்பி வந்துட்டீகளா? உக்காருங்க" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, பதினெட்டுப் படம், டயல், பஸ்ஸில் நினைவு வந்தது, சொல்லாமல் விட்டது. ஒன்றையும் குறைக்கவில்லை.

அவள் ஆட்டைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்ப அந்த சிஸ்டரு செய்யலையா?"

"இல்லம்மா. நான்தான்."

"அது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட அம்புட்டு வசவையும் வாங்கிக்கிட்டு நின்னாக?"

நான் தலையை ஆட்டினேன். அவள் என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெல்லக் கேட்டாள்:

"அவுக என்ன சீக்குல போனாக?"

சொன்னேன். பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கட்டையில போகன்னு வஞ்சேனே, அதுதான் போயிப் பிடிச்சிருச்சா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. அது நோயி. வசவுல வராது."

"ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். எழுந்து உள்ளே போனாள். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "கல்லறை எங்கன இருக்கு? கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

விருதுநகருக்குப் பஸ்ஸில் வந்தோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். உன் கல்லைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி உன் பெயரைப் படித்தாள். அதுவரை உன் பெயர் அவளுக்குத் தெரியாது. நானும் பக்கத்தில் போய் நின்றேன். "நீங்க தள்ளி நில்லுங்க. இது எனக்கும் அவுகளுக்கும்" என்றாள். மதில் ஓரமாகப் போய் நின்றேன்.

ஆனாலும் எனக்குக் கேட்டது. வேண்டுதல் போல எதையும் அவள் சொல்லவில்லை. உன்னை வைத ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள். "கட்டையில போகன்னு சொன்னேன், அத எடுத்துக்கிடுறேன் தாயி. ஒங்கை வெளங்காதுன்னு சொன்னேன், அதையும் எடுத்துக்கிடுறேன். ஒரு நா மண்ண வாரித் தூத்துனேன், அதையும் எடுத்துக்கிடுறேன்." எனக்கு மறந்துபோனவைகூட அவளுக்கு நினைவிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்று விரலால் கல்லைத் தொட்டுத் தன் நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். வெயில் ஏறியும் அவள் நகரவில்லை. வைய எடுத்துக்கொண்ட காலத்தைவிடத் திருப்பி எடுக்க அதிக நேரம் ஆனதாக எனக்குத் தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் அவள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளை ஊரில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நானும் ஏறியிருந்தேன். ஆனைக்குட்டம் நிறுத்தத்தில் எழுந்து படிக்குப் போனவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒங்கள நான் இன்னும் வையல. இன்னிக்கு எனக்குத் தெம்பில்ல. நான் வையும்போது வந்து வாங்கிக்கிடுவீகளா?"

"வர்றேன்ம்மா" என்றேன்.

இறங்கிப் போய்விட்டாள். இந்த வார்த்தையை உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். நீ எனக்காக நின்ற இடத்தில் இனி நான் நிற்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அன்றும் அவளுக்குத் தெம்பு இல்லையென்றால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவேன்.